எகிப்து அரபுக் குடியரசும் மருதையாற்றுப் பாலமும்

முன்னுரை

எகிப்து நாட்டின் பெயரை நாம் முதன்முதலில் கேட்டது வரலாற்று வகுப்பில் அன்று, மறைக்கல்வி வகுப்பில்தான். யோசேப்பு தன் சகோதரரால் விற்கப்பட்டுச் சென்ற நாடு அது. மோசே பிறந்த நாடு அது. ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்பி, புனித சூசையப்பரும் மரியன்னையும் இயேசு பாலனை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக ஓடி அடைக்கலம் புகுந்த நாடும் அதுவே.

அடைக்கலம் என்ற சொல் நம் பகுதிக்குப் புதியதன்று. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரைக்கு அருகே, வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டு அழைத்த ஏலாக்குறிச்சியில் அன்னை மரியாள் அடைக்கல மாதாவாக வீற்றிருக்கிறாள். திருக்குடும்பத்தின் கதையைச் சற்று ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஓர் ஏழைக் குடும்பத்தை ஊரை விட்டு விரட்டியது ஓர் அரசனின் ஆணை. ஆள்பவன் எப்படிப்பட்டவன், அவனைத் தட்டிக் கேட்பார் உண்டா என்பவை தேர்வுக்காக மட்டும் படிக்கும் வினாக்கள் அல்ல. வீட்டில் தூங்கும் குழந்தையின் உயிரோடு தொடர்புடைய வினாக்கள் அவை.

இவ்வினாக்களை மனத்தில் கொண்டு எகிப்தின் அரசியல் அமைப்பை ஆராய்வோம். ஆங்காங்கே நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மன்னராட்சி முடிந்த விதம்

1952 ஜூலை 23 அன்று 'சுதந்திர அதிகாரிகள்' என்ற பெயருடைய இராணுவ அதிகாரிகள் குழு ஒன்று கெய்ரோவில் ஆட்சியைக் கைப்பற்றியது. மூன்று நாட்களில் பாரூக் மன்னர் முடி துறந்து கப்பலேறினார். 1953 ஜூன் 18 அன்று எகிப்து குடியரசாக அறிவிக்கப்பட்டது. முகமது நகீப் முதல் குடியரசுத் தலைவரானார். ஆயினும் உண்மையான தலைவராக விளங்கியவர் கமால் அப்துல் நாசர். அவர் 1956-இல் குடியரசுத் தலைவரானார்.

நாசரின் காலத்தில் நன்மைகள் பல விளைந்தன. 1952-இலேயே நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 1956-இல் சூயஸ் கால்வாய் நாட்டுடைமையாயிற்று. அசுவான் உயர் அணை 1970-இல் நிறைவுற்றது. நம் பிரதமர் நேருவும், யூகோஸ்லாவியாவின் டிட்டோவும், நாசரும் கைகோத்து அணிசேரா இயக்கத்தை வளர்த்தனர். சூயஸ் போருக்குப் பின் ஐக்கிய நாடுகளின் அமைதிப் படையில் நம் இந்திய வீரர்களும் 1967 வரை பணியாற்றினர்.

1958-இல் எகிப்தும் சிரியாவும் இணைந்து 'ஐக்கிய அரபுக் குடியரசு' ஆயின. 1961-இல் சிரியா பிரிந்து சென்றது. எகிப்து மட்டும் அப்பெயரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டு, 1971-இல் 'எகிப்து அரபுக் குடியரசு' என்ற இன்றைய பெயரை ஏற்றது. நாசர் 1970-இல் மறைந்தபின் அன்வர் சதாத் பதவியேற்றார். அவர் 1981 அக்டோபர் 6 அன்று இராணுவ அணிவகுப்பு மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஓசுனி முபாரக் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆண்டார். 2011 ஜனவரி 25 அன்று தொடங்கிய மக்கள் எழுச்சி பிப்ரவரி 11-இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 2012-இல் முகமது மோர்சி தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓராண்டு சென்றதும், அவருக்கு எதிராகப் பெருங்கூட்டங்கள் திரண்ட நேரத்தில், 2013 ஜூலை 3 அன்று இராணுவம் அவரை நீக்கியது. 2014-இல் முன்னாள் இராணுவத் தளபதி அப்துல் பத்தா அல் சிசி குடியரசுத் தலைவரானார்.

அரசமைப்பின் உறுப்புகள்

2014 ஜனவரியில் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டு, 2019-இல் திருத்தப்பட்ட அரசியலமைப்புச் சட்டமே எகிப்தின் அடிப்படைச் சட்டமாகும். அதன் உறுப்புகளைச் சுருக்கமாகக் காண்போம்.

குடியரசுத் தலைவர்: இவர் நாட்டின் தலைவர், நிர்வாகத்தின் தலைவரும் இவரே. மக்கள் இவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். பதவிக்காலம் முன்பு 4 ஆண்டுகள். 2019 திருத்தத்தால் 6 ஆண்டுகளாயிற்று. பிரதமரை நியமிப்பவர் இவர். அப்பிரதமர் நாடாளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெறவேண்டும். நம் நாட்டில் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர் என்பதை நாம் அறிவோம். எகிப்தில் அதிகாரத்தின் அச்சாணியே குடியரசுத் தலைவர்தான்.

நாடாளுமன்றம்: பிரதிநிதிகள் அவையில் 596 உறுப்பினர்கள். அவர்களுள் 568 பேர் தேர்ந்தெடுக்கப்படுவர். 28 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். 2019 திருத்தத்தால் மேலவை ஒன்றும் மீண்டும் ஏற்பட்டது. அதன் 300 உறுப்பினர்களில் 200 பேர் தேர்ந்தெடுக்கப்படுவர். எஞ்சிய 100 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். மூன்றில் ஒரு பங்கு தலைவரின் கையில் இருப்பதைக் கவனித்துக்கொள்க.

நீதித்துறை: உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டங்கள் அரசியலமைப்பிற்கு ஏற்றவையா என ஆராயும். 2003-இல் தகானி அல் கெபாலி என்னும் அம்மையார் இந்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். நம் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி அவர்கள் பதவியேற்றது 1989-இல். அவர் பின்னாளில் தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கினார்.

சமயம்: இஸ்லாம் அரசு சமயம், இஸ்லாமியச் சட்ட நெறிகளே சட்டங்களுக்கு முதன்மை மூலம். எனினும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் தம் குடும்ப, சமயக் காரியங்களில் தம் சமய நெறியைப் பின்பற்ற மூன்றாம் பிரிவு இடமளிக்கிறது. கோப்துக் கிறிஸ்தவர்கள் தொன்மைமிக்க திருச்சபையினர். கோயில் கட்ட அனுமதி பெறுவது அவர்களுக்கு நெடுங்காலமாகப் பெரும் இடராக இருந்தது. அதற்கென 2016-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017 ஏப்ரலில் எகிப்துக்குச் சென்று அவர்களுக்கு ஆறுதல் கூறினார்.

விழுக்காடுகள் கூறும் செய்தி

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எகிப்தில் குடியரசுத் தலைவராக வந்தவர்கள் பெற்ற வாக்குகளின் விழுக்காடு இது. 1956-இல் நாசர் 99.9. 2005-இல் முபாரக் 88.6. 2012-இல் மோர்சி 51.7. 2014-இல் சிசி 96.9, 2018-இல் 97, 2023-இல் 89.6.

தேர்வில் 99 மதிப்பெண் பெற்றால் நாம் மகிழ்கிறோம். தேர்தலில் 99 விழுக்காடு பெற்றால் ஏன் ஐயுறுகிறோம்? 1956-இல் வாக்குச் சீட்டில் இருந்தது ஒரே பெயர். 2005 வரை எகிப்தியர் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டுமே கூற முடிந்தது. இன்னொருவரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. இப்பட்டியலில் மிகக் குறைந்த விழுக்காடு 2012-க்கு உரியது. அவ்வாண்டில்தான் யார் வெல்வார் என்பது வாக்குப் பெட்டியைத் திறக்கும் வரை ஒருவருக்கும் தெரியாமலிருந்தது.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் ஆகிய நம் சட்டமன்றத் தொகுதிகள் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்குவன. 2019 தேர்தலில் அத்தொகுதியில் வென்றவருக்கும் அடுத்து வந்தவருக்கும் இடையேயிருந்த வேறுபாடு 3,219 வாக்குகளே. நம் பகுதிச் சிற்றூர்கள் சிலவற்றின் வாக்குகளைக் கூட்டினால் அவ்வளவு வந்துவிடும். களை பறிக்கும் பாட்டியும் சுண்ணாம்புக்கல் லாரியில் செல்லும் அண்ணனும் அன்று வாக்குச் சாவடிக்குப் போகாதிருந்தால் முடிவே மாறியிருக்கக்கூடும். ஒரு வாக்கின் எடை இதுதான். 99 விழுக்காட்டில் ஒரு வாக்கிற்கு எடையே இல்லை.

1956: நைல் நதியும் மருதையாறும்

1956-ஆம் ஆண்டை எகிப்தியர் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டில்தான் புதிய அரசியலமைப்பும், நாசரின் பதவியேற்பும், சூயஸ் போரும் நிகழ்ந்தன. அரியலூர் மக்களும் அவ்வாண்டை மறக்கமாட்டார்கள்.

1956 நவம்பர் 23 அன்று விடியுமுன் சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு இரயில் அரியலூரைக் கடந்து கல்லகம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பெருமழையால் மருதையாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. பாலம் சிதைந்தது. எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தூக்கத்திலேயே உயிர் நீத்தவர் பலர்.

அப்போது மைய அரசின் இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் அந்தப் பாலத்தைக் கட்டியவர் அல்லர். இரயிலை ஓட்டியவரும் அல்லர். எனினும் தம் துறையில் நேர்ந்த பிழைக்குத் தாமே பொறுப்பு என்று கூறிப் பதவி விலகினார். அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் அருகே நேர்ந்த விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் விபத்திற்குப் பின் ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி குற்றவாளி என்பதற்காக அன்று, அரசியலமைப்பு முறைமைக்கு ஓர் எடுத்துக்காட்டாக விளங்கவேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக அவர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். 1964-இல் அதே சாஸ்திரி நாட்டின் பிரதமரானார்.

அரசியல் நூல்களில் 'பொறுப்பாட்சி' என்று ஒரு சொல் வரும். அதன் பொருளை அறிய நாம் இலண்டனுக்குப் போகவேண்டியதில்லை. மருதையாற்றுப் பாலம் வரை போனால் போதும். அமைச்சர் நாடாளுமன்றத்திற்குப் பதில் சொல்லவேண்டும்; நாடாளுமன்றம் மக்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

எகிப்திலும் பதவி விலகல்கள் உண்டு. 1967 ஜூன் போரில் தோல்வியுற்றபோது நாசர் ஜூன் 9 அன்று தொலைக்காட்சியில் தோன்றிப் பதவி விலகுவதாக அறிவித்தார். மக்கள் வெள்ளம் தெருக்களில் திரண்டு 'போகாதீர்' என்றது. மறுநாள் விலகலைத் திரும்பப் பெற்றார். 2019 பிப்ரவரியில் கெய்ரோவின் இராம்சேசு இரயில் நிலையத்தில் தீ மூண்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது போக்குவரத்து அமைச்சர் அன்றே விலகினார்.

அப்படியானால் வேறுபாடுதான் என்ன? நல்ல மனிதர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. நம் நாட்டில் சாஸ்திரிக்குப் பின் விபத்து நேரும்போதெல்லாம் அமைச்சர்கள் விலகிவிடவும் இல்லை. ஆதலால் ஒருவரின் பண்பை மட்டும் நம்பி ஒரு நாடு இருக்க முடியாது. பதில் சொல்லுமாறு கேட்கும் அவை வேண்டும்; பதில் சரியில்லை என்றால் மாற்றும் தேர்தல் வேண்டும். அமைச்சரை மாற்றலாம், தலைவரை மாற்ற இயலாது என்ற நிலை வந்தால் பொறுப்பு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

நெருக்கடி நிலை

எகிப்தில் 1981-இல் சதாத் கொலையுண்டதும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அது 2012 மே மாதம் வரை, ஏறத்தாழ 31 ஆண்டுகள், இடைவிடாது நீடித்தது. அக்காலத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை வளர்ந்து, திருமணமாகி, தாயாகும் வரை சாதாரணச் சட்டத்தின் ஆட்சி என்பதைக் கண்டதில்லை.

நாமும் பெருமை பேசி அமர்ந்துவிடக்கூடாது. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை இந்தியாவிலும் நெருக்கடிநிலை இருந்தது. தலைவர்கள் சிறையிலிருந்தனர், செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. ஆனால் 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. அதனை அறிவித்த பிரதமரே தோற்றார். பதவியை விட்டு இறங்கினார். 21 மாதங்களுக்கும் 31 ஆண்டுகளுக்கும் உள்ள வேறுபாடு அத்தேர்தலே.

பெண்களும் ஆட்சியும்

1951 பிப்ரவரியில் தோரியா சபீக் என்னும் எகிப்திய அம்மையார் ஏறத்தாழ 1,500 பெண்களைத் திரட்டிக்கொண்டு கெய்ரோ நாடாளுமன்றத்தினுள் நுழைந்து வாக்குரிமை கேட்டார். 1956 அரசியலமைப்பு அவ்வுரிமையை வழங்கியது. 1957-இல் இராவியா அத்தியா, அமினா சுக்ரி ஆகிய இருவர் நாடாளுமன்ற உறுப்பினராயினர். 2019 திருத்தத்தின்படி பிரதிநிதிகள் அவையில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு உரியன. இவ்வகையில் எகிப்து நமக்கு முந்திவிட்டது. நம் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு அளிக்கும் சட்டம் 2023-இல்தான் நிறைவேறியது.

ஆனால் உள்ளாட்சியில் நாம் முன்னோக்கி நடந்திருக்கிறோம். 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு அளித்தது. தமிழகம் 2016-இல் அதனைப் பாதியாக உயர்த்தியது.

மாவட்டமும் ஊராட்சியும்

எகிப்தில் 27 மாநிலங்கள் உள்ளன. அவற்றின் ஆளுநர்களைக் குடியரசுத் தலைவரே நியமிக்கிறார். உள்ளாட்சி மன்றங்களுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2008-இல். 2011 எழுச்சிக்குப் பின் நீதிமன்றத் தீர்ப்பால் அம்மன்றங்கள் கலைக்கப்பட்டன. 2014 அரசியலமைப்பு உள்ளாட்சித் தேர்தலை வாக்களித்தது. பெண்களுக்குக் கால் பங்கு, 35 வயதுக்குட்பட்ட இளைஞர்களுக்குக் கால் பங்கு என்று அழகாக எழுதியும் வைத்தது. அதன்பின் பத்தாண்டுகள் கடந்தும் தேர்தல் வரவில்லை. எழுதிய சட்டம் ஏட்டிலேயே இருந்தது.

நம் நிலை என்ன? திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. பெரம்பலூரில் 4 ஒன்றியங்கள், 121 ஊராட்சிகள்; அரியலூரில் 6 ஒன்றியங்கள், 201 ஊராட்சிகள். மாவட்ட ஆட்சியர் நம்மால் தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்லர், அரசால் நியமிக்கப்படுபவர். அவ்வகையில் எகிப்திய ஆளுநரைப் போன்றவரே. ஆனால் அவருக்குக் கீழே ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் நம் தெருக்காரர்கள், நாம் தேர்ந்தெடுப்பவர்கள்.

ஊரைத் தாமே ஆளும் இம்முறை நம் மண்ணுக்குப் பழமையானது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விளக்குகிறது. 30 குடும்புகளிலிருந்தும் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கப்பட்டன. 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல் வேண்டும். சொந்த நிலமும் மனையும் வேண்டும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியற்றவர். அம்முறையில் பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் இடமில்லை. அது அதன் குறை. கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்றது அதன் நிறை. கங்கைகொண்ட சோழபுரத்தில் அரியணையில் வீற்றிருந்த பேரரசர் காலத்திலும் சிற்றூர்ச் சபைகள் தம் காரியங்களைத் தாமே கவனித்துவந்தன.

இத்தகைய மரபுடைய நாம் ஒரு குறையை ஒளிக்காமல் சொல்லவேண்டும். தமிழகத்தில் 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல், பழங்குடியினர் இட ஒதுக்கீட்டு விதிகள் முறையாகப் பின்பற்றப்படவில்லை என்பதால் உயர் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தனர். 2019 டிசம்பர் இறுதியில்தான் நம் இரு மாவட்டங்களிலும் ஊரகத் தேர்தல் நடந்தது. அவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

தேர்தல் இல்லாத மூன்றாண்டுகளில் தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாம் யாரிடம் போவது? அலுவலர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த தேர்தலில் நம் வீட்டு வாசலுக்கு வந்து வாக்குக் கேட்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. எகிப்தின் குறையைக் காட்டிச் சிரிக்கும்முன் நம் முற்றத்தையும் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. தலைவர் நாற்காலியில் அம்மையார் பெயர். முடிவெடுப்பவர் அவர் கணவர் என்ற நிலையைப் பல ஊர்களில் காண்கிறோம். எழுதிய சட்டம் ஏட்டில் நின்றுபோகும் குறை இங்கும் உண்டு. அதனை நீக்குவதற்கு மற்றுமொரு சட்டம் போதாது. படித்த பெண்கள் வேண்டும். கணக்கேட்டைப் புரட்டத் தெரிந்த, கேள்வி கேட்க அஞ்சாத பெண்கள் வேண்டும்.

முடிவுரை

தோழியரே! 'குடியரசு' என்ற பெயர் பலகையில் எழுதப்பட்டிருப்பதால் மட்டும் ஒரு நாடு குடியரசாகிவிடாது. எகிப்தின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இது. நம் மருதையாறு கற்பிக்கும் பாடமும் இதுவே: ஆள்பவர் பதில் சொல்லவேண்டும்; ஆளப்படுபவர் கேட்கவேண்டும்.

வாக்களிக்கும் வயது வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாட்களில் நம் ஊரில் கிராம சபை கூடுகிறது. அன்று ஊராட்சியின் வரவு செலவு படிக்கப்படும். அடுத்த விடுமுறையில் அம்மாவையும் பாட்டியையும் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். அவர்கள் அருகில் அமர்ந்து கணக்கைக் கேட்போம். வீட்டுக்கு வந்து, புரியாததை ஒரு தாளில் எழுதி வைப்போம். அடுத்த சபையில் அம்மா எழுந்து கேட்கட்டும்.

இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் எந்த நாட்டிலும் வராதிருப்பதாக. அதற்காக அடைக்கல மாதாவிடம் மன்றாடுவோம். நம் பங்கிற்கு நாமும் உழைப்போம்.